பெயின்ட் அடிப்பதற்கு முன்னால்

ராசிபுரம்
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். குச்சிக்கிழங்கு பிடுங்குகிற நெம்புகோல். கைப்பிடிக்கு நீல பெயின்ட், அடித்தட்டுக்கு மஞ்சள், நடுவில் டிபார்ட்மென்ட் பெயர் போட்ட ஸ்டிக்கர். "வியாழக்கிழமை ஃபர்ஸ்ட் ரிவியூ பெரியப்பா, கிளாஸ்ல எல்லாரும் செமன்னு சொன்னாங்க" என்று கீழே எழுதியிருந்தாய். வெல்டிங் நன்றாக விழுந்திருக்கிறது. கருவியைப் பற்றிக் கேட்க எனக்கு நாலைந்து கேள்வி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த "எல்லாரும் செமன்னு சொன்னாங்க" பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். போனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன் கிளாஸ் பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, மேஜைமேல் ஏற்றிவைத்த பொருளைப் பார்த்தால் யாருக்கும் வேறு வார்த்தை வராது. முகூர்த்த நேரத்தில் மணவறைக்கு முன்னால் நின்றுகொண்டு "பையன் எப்படி?" என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? குறை சொல்வதற்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நீ அவர்களைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு ஒரு செமஸ்டரில் மூன்று ரிவியூ என்பது அண்ணா பல்கலைக்கழக விதி. உன் ஆறாம் செமஸ்டர் டிசைன் புராஜெக்ட்டையும் உங்கள் காலேஜில் அதே அச்சில்தான் நடத்துகிறார்கள் என்று தெரிகிறது. கமிட்டி உட்காரும், பிபிடி ஓடும், "லிட்டரேச்சர் சர்வே எங்கே?" என்று ஒருவர் கேட்பார், அடுத்த டீம் வரும். கமிட்டியைக் குறை சொல்லவில்லை. ஒரு மதியத்தில் பதினைந்து டீமைப் பார்க்கிறவர்களுக்கு உன் கருவியைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்க்க நேரம் ஏது? நேரம் இருக்கிறவர்கள் உன் கூடப் படிக்கிற அறுபது பேர்தான். ஆனால் ரிவியூ நாளில் அவர்களுக்குக் கொடுத்திருக்கிற வேலை, பின்வரிசையில் உட்கார்ந்து கடைசியில் கை தட்டுவது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறைகளை நீ பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் பார்த்திருப்பாய். ஒருநாள் இறங்கி உள்ளே போய்ப் பார். சேசிஸ் வந்து நிற்கும். சட்டம் ஏறி, தகடு அடிக்காமல், வண்டி வெறும் கூடாக நிற்கிற நேரத்தில்தான் விஷயம் தெரிந்த ஓனர் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வருவார். டிரைவர் வெறும் பலகைமேல் ஏறி உட்காருவார். கையை நீட்டுவார், காலை நீட்டுவார், கண்ணாடி வரப்போகிற ஓட்டை வழியாகக் கீழே எட்டிப் பார்ப்பார். "இந்தக் கம்பி கண்ணை மறைக்குதுங்க" என்பார். மேஸ்திரி சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அந்தக் கம்பியை அன்றைக்கு நகர்த்த அரைமணி நேரம் போதும். தகடு அடித்து, பெயின்ட் அடித்து, "நேஷனல் பர்மிட்" எழுதி, பூப்போட்ட பிறகு நகர்த்துவது என்றால் யாருக்கும் மனசு வராது. டிரைவரே "பரவாயில்லைங்க, பழகிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நாலு லட்சம் கிலோமீட்டர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே ஓட்டுவார்.

உன் கிளாஸில் யாரும் அதுபோலப் பலகைமேல் ஏறி உட்காரவில்லை.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் கதை உனக்குத் தெரியும், சினிமாவாகவே வந்துவிட்டது. 1998இல் கல்யாணமாகி, மனைவிக்காக மலிவு விலையில் நாப்கின் செய்யப் புறப்பட்டவர், 2016இல் பத்மஸ்ரீ வாங்கினார். அந்தக் கதையில் கால்பந்து பிளாடரையும் ஆட்டு ரத்தத்தையும்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தி நடந்த ஒரு சின்னச் சம்பவம்தான் எனக்கு முக்கியம். வீட்டுப் பெண்கள் பதில் சொல்லக் கூச்சப்பட்டதும், அவர் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கின்களைக் கொடுத்தார். கருத்து எழுதித் தரப் படிவமும் கொடுத்தார். படித்த பெண்கள், டாக்டராகப் போகிறவர்கள், கூச்சம் இருக்காது என்ற நம்பிக்கை. படிவங்களை வாங்கப் போன நாளில், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எல்லாருக்குமாகச் சேர்த்து அவசர அவசரமாக நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதன் பிறகுதான் ஆட்டு ரத்தம் நிரப்பிய பிளாடரைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு சோதித்தார்.

அந்த மாணவிகளிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பொருளைப் பயன்படுத்திப் பார்க்காமலேயே நிரப்பிவிட முடிகிற படிவம் கையில் இருந்தது, அதை நிரப்பினார்கள். உங்கள் கிளாஸில் கூகுள் ஃபார்ம் அனுப்பி "ரேட் அவர் புரோட்டோடைப்" என்று ஐந்து நட்சத்திரம் கேட்டீர்களே, அதுவும் அந்த ரகம்தான். கருவியைத் தொடாமலேயே நட்சத்திரம் போடலாம். போட்டிருப்பார்கள். அதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இன்றைக்கு நான் உனக்கு ஐந்து போட்டால்தானே அடுத்த வாரம் நீ எனக்கு ஐந்து போடுவாய்?

முகம் பார்த்துப் பேசுகிற குணம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. மரியம் தோஹிதி, பில் பக்ஸ்டன் முதலானவர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டின் குளிரையும் சூட்டையும் கட்டுப்படுத்துகிற கருவிக்கு, வெறும் காகிதத்திலேயே மூன்று விதமான மாதிரிகள் செய்தார்கள். சிலருக்கு ஒரே ஒரு மாதிரியைக் காட்டினார்கள், சிலருக்கு மூன்றையும் காட்டினார்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் தாராளமாக மதிப்புக் கொடுத்தார்கள், குறை சொல்லத் தயங்கினார்கள். மூன்றையும் பார்த்தவர்கள் அதே மாதிரிக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டு, குறையைக் கூச்சமில்லாமல் சொன்னார்கள். காரணம் புரிகிறது அல்லவா? ஒன்றை மட்டும் வைத்தால், அதைக் குறை சொல்வது செய்தவரைக் குறை சொல்வதாகிவிடுகிறது. மூன்றை வைத்தால், கேட்கப்படுவது எது மேல் என்பதுதான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்றைப் பார்த்தவர்களாலும் "இப்படி மாற்றுங்கள்" என்று உருப்படியான யோசனை சொல்ல முடியவில்லை. அதனால் எங்கே வலிக்கிறது என்பதை அவர்களிடம் கேள். மருந்தை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி உன் கருவிக்கு வருகிறேன்.

நீ செய்தது ஒரே ஒரு கிளாம்ப், ஸ்பிரிங் வைத்த தாடை. அதை வெல்டு பண்ணுவதற்கு முன், அட்டையிலும் பிளைவுட்டிலும் மூன்று விதம் செய்திருக்கலாம். ஒன்று உன் தாடை. இரண்டாவது, தடித்த பட்டையில் 'வி' மாதிரி வெட்டு, அடித்தண்டு அதில் போய்த் தானாகச் சிக்கிக்கொள்ளும். மூன்றாவது, சைக்கிள் செயினில் ஒரு சுருக்கு, இழுக்க இழுக்க இறுகும். செலவு நூறு இருநூறு ரூபாய்க்குள் முடியும். கேன்டீன் பின்னால் ஓர் இடத்தில் ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, குறுக்குக்கட்டை அடித்த ஒரு கழியை முக்கால் அடி ஆழத்தில் புதைத்து மண்ணை மிதித்துவிடு. கிழங்குச் செடி தயார். இனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கொடு. கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதே. இதுதான் கஷ்டமான பகுதி. "இல்லடி, இதை இப்படிப் பிடிக்கணும்" என்று உன் நாக்கு துடிக்கும். நீ ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. நாளைக்கு ஆத்தூர்க் காட்டில் ஒரு அம்மா அதைப் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நீ இருக்க மாட்டாய். உங்கள் டீமில் ஒருத்தி நோட்டில் எழுதட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும்.

அப்படிச் செய்திருந்தால் என்னவெல்லாம் தெரிந்திருக்கும்? நான் படத்தைப் பார்த்தே சொல்கிறேன், உன் கிளாஸ் பிள்ளைகள் கையில் பிடித்தே சொல்லியிருப்பார்கள்.

முதலாவது, கைப்பிடி. 150 செ.மீ. நீளம் வைத்து, கிளாம்ப் பக்கம் 15 செ.மீ. விட்டிருக்கிறாய். பத்துக்கு ஒன்று. 20 கிலோ அமுக்கினால் 200 கிலோ தூக்கும், காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் கைப்பிடி 60 டிகிரிக்கு நிமிர்ந்து நிற்கிறது. தாங்குகட்டை உயரம் இரண்டடியையும் சேர்த்தால் அதன் நுனி தரையிலிருந்து 190 செ.மீ., ஆறடிக்கு மேல். படத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பவன் உங்கள் டீமிலேயே நெட்டைப் பையன். நம் பக்கத்துக் காடுகளில் வேலைக்கு வருகிற பெண்களில் பலர் ஐந்தடிதான் இருப்பார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு 20 கிலோ அமுக்க ஆரம்பிக்க வேண்டும். ஹாஸ்டலில் குட்டையான ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தால், முதல் நிமிஷத்திலேயே முகத்தைச் சுளித்திருப்பாள். வாய் "சூப்பர்" என்றாலும், சுளித்ததை நோட்டில் எழுதலாம்.

இரண்டாவது, அடித்தட்டு. 10க்கு 15 செ.மீ. 200 கிலோவை மேலே இழுக்கும்போது அந்தப் பாரம் மொத்தமும் தட்டு வழியாகத்தான் மண்ணுக்குள் இறங்கும். சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்கு மேல். லேப் தரையில் அசையாது. தண்ணீர் ஊற்றிய மண்ணில் செடி மேலே வருவதற்குப் பதில் தட்டு கீழே போகும்.

மூன்றாவது எனக்கே சுவாரசியமானது. கிளாம்ப் நேராக மேலே போகவில்லை, வட்டமாகப் போகிறது. 15 செ.மீ. கை கிடையாக ஆரம்பித்து 12 செ.மீ. உயரும்போது, தாங்குகட்டைப் பக்கமாக 6 செ.மீ. நகர்ந்துவிடும். கணக்குப் போட்டுப் பார். அந்த 6 செ.மீ. பக்கவாட்டு இழுப்பில் கிழங்கு கழுத்தில் ஒடியும். ஒடிந்த கிழங்கு சீக்கிரம் கெடும், சேகோ மில்லில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். செயின் சுருக்காக இருந்தால் அந்தச் சாய்வை ஓரளவு வாங்கிக்கொள்ளும், இரும்புத் தாடை வாங்காது. இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கல் படித்திருக்க வேண்டியதில்லை. ஈசிஇ பையன் ஒருத்தன் "ஏன் செடி உன் பக்கமா சாயுது?" என்று கேட்டிருந்தாலே போதும். ஒன்றும் தெரியாதவன் கேட்கிற கேள்வியை நம் பிள்ளைகள் சிரித்துத் தள்ளிவிடுகிறார்கள். அந்தக் கேள்விதான் பல நேரம் சரியான இடத்தில் விழுகிறது.

நான்காவதாக, நீ எவ்வளவு யோசித்தாலும் தப்பவிடக்கூடிய ஒன்று. உன் கிளாம்ப் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தண்டைப் பிடிக்கிறது. ஆனால் கிழங்கு பிடுங்குவதற்கு முன்னால் அடுத்த நடவுக்குக் குச்சியை வெட்டி எடுத்துவிடுவார்களே! அதன் பிறகு மண்ணுக்கு மேலே நிற்பது ஒரு முழம்கூட இருக்காது. உன் கிளாம்ப் காற்றைத்தான் பிடிக்கும். இதை யார் சொல்லியிருப்பார்கள்? தலைவாசல், கெங்கவல்லி, சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து வந்து உன் கிளாஸில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. பள்ளிக்கூட லீவில் அப்பாவோடு காட்டில் குச்சி வெட்டிக் கட்டுக் கட்டிய பிள்ளை. அவள் ஏன் சொல்லவில்லை?

ஏனென்றால் நீங்கள் ரிவியூவையும் ஒத்திகையையும் இங்கிலீஷில் நடத்துகிறீர்கள். 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் கூடியிருக்கிறார்கள். குச்சிக்கிழங்கு, விசைத்தறி, கோழிப்பண்ணை, வெள்ளிக்கொலுசுப் பட்டறை என்று இந்த வட்டாரத்துத் தொழில் முழுவதும் அவர்கள் வீட்டில்தான் நடக்கிறது. உங்கள் புராஜெக்ட் தலைப்புகளும் அவைதான். விஷயம் தெரிந்தவள் வாயை மூடிக்கொண்டிருக்க, விஷயம் தெரியாதவன் "எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். கமிட்டி முன்னால் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசு. கேன்டீன் பின்னால் தமிழில் பேசு. அந்தப் பிள்ளையிடம் "உனக்கு என்ன தோணுது?" என்று பொதுவாகக் கேட்காதே, கூச்சப்படுவாள். "உங்க காட்டுல எப்படிப் பிடுங்குவாங்க? செஞ்சு காட்டு" என்று கேள். கை தானாகப் பேச ஆரம்பித்துவிடும்.

கேள்வி கேட்கிற விதத்தைப் பற்றி இன்னும் ஒன்று. "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு "நல்லாருக்கு" என்ற ஒரே பதில்தான் நம் ஊரில் உண்டு. சாப்பாட்டுக்கும் அதுதான், சேலைக்கும் அதுதான். அதற்குப் பதிலாக, செய்து முடித்தவுடன் "முதல்ல எதைத் தொட்டே? எந்த இடத்துல கை தடுமாறுச்சு? எப்ப விட்டுட்டுப் போயிரலாம்னு தோணுச்சு?" என்று கேள். இவற்றுக்கு "நல்லாருக்கு" பொருந்தாது. ஸ்டான்ஃபோர்டு டிசைன் பள்ளியில் "எனக்கு இது பிடித்தது, இது இப்படி இருந்திருக்கலாம், இப்படிச் செய்தால் என்ன?" என்று மூன்று வாசகத்தில் கருத்துச் சொல்லப் பழக்குவார்கள் என்று உங்கள் மேடம் சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். தப்பில்லை. ஆனால் நம் பிள்ளைகள் கையில் அது மந்திரமாகிவிடும். முதல் வாசகத்தில் புகழ்ச்சி, மூன்றாவதில் "ஐஓடி போட்டா என்ன?" என்று ஒரு போடு, நடு வாசகம் காணாமல் போயிருக்கும். கிழங்கு பிடுங்குகிற கம்பிக்கு ஐஓடி எதற்கு, சொல்.

சொன்னதையெல்லாம் கேட்டு மாற்றிக்கொண்டே போனால் கருவி முடியவே முடியாது என்று நீ கேட்பாய். நியாயம்தான். எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, உங்கள் பள்ளிக்கூடத்து வாசலிலேயே நின்ற அடிபம்பு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கிராமங்களில் போட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் சீக்கிரமே உடைந்து கிடந்தன. ஒரு வீட்டுக்கு என்று செய்த சாமானை ஊரே நாளெல்லாம் அடித்தால் எப்படித் தாங்கும்? சோலாப்பூரில் உருவான உறுதியான பம்பை வைத்து, யுனிசெஃப் துணையோடு சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியில் மாதிரிகள் செய்து, கோவைப் பக்கத்துக் கிராமங்களில் ஆழமான போர்களில் போட்டு ஓடவிட்டுப் பார்த்தார்கள். இந்தியா மார்க் 2 அப்படி வந்தது. வந்த பிறகும் விடவில்லை. ஆழத்தில் இருக்கிற வாஷர் தேய்ந்தால், அதை மாற்ற மொத்தக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வேன் வேண்டும், நாலு ஆள் வேண்டும், முக்காலி வேண்டும். ஊர் மெக்கானிக் ஒற்றை ஆளாக ஒன்றும் செய்ய முடியாது. 1983 முதல் 1988 வரை மறுபடி கோவைப் பக்கமே களச் சோதனை நடத்தி மார்க் 3 செய்தார்கள். குழாயை அகலமாக்கி, உள்ளே இருக்கிற பிஸ்டனை மட்டும் கம்பியோடு மேலே உருவுகிற மாதிரி.

ஆனால் பார், குழாய் பெரிதானால் எடை கூடும், விலை கூடும். அதனால் இன்றைக்கும் ஊர்களில் அதிகம் நிற்பது மார்க் 2தான். மெக்கானிக் சொன்ன குறை உண்மை, அதைச் சரிசெய்த விதமும் உண்மை, அதற்கு ஒரு விலை இருந்ததும் உண்மை. உன் நோட்டில் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் இதை எழுதிக்கொள்: மாற்றினால் வேறு என்ன கெடும்? அடித்தட்டைப் பெரிதாக்கினால் வரிசைக்கு நடுவே நுழையுமா? கைப்பிடியைத் தாழ்த்தினால் பத்துக்கு ஒன்று என்பது ஆறுக்கு ஒன்று ஆகிவிடுமா? பத்துப் பேர் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்காதே, ஒருத்தி மட்டும் சொன்னாள் என்பதற்காகத் தள்ளாதே. குச்சி வெட்டுகிற விஷயத்தைச் சொல்ல அறுபது பேரில் ஒருத்திதான் இருப்பாள்.

இதுவரை நீ கேட்பதைப் பற்றிச் சொன்னேன். நீ சொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நம் பிள்ளைகள் இன்னும் மோசம். பக்கத்து டீம் முட்டையில் விரிசல் கண்டுபிடிக்கிற பெட்டி செய்கிறார்கள் என்றாயே, நாமக்கல்லுக்கு ஏற்ற தலைப்புதான். நாளைக்கு அவர்கள் உன்னைக் கூப்பிட்டால் என்ன செய்வாய்? "செம" என்று சொல்லிவிட்டு வராதே. "ஏன் இதுல ஏஐ போடல?" என்றும் கேட்காதே. முப்பது முட்டை அட்டை ஒன்றை எடுத்து நீயே உள்ளே வை. மூன்றாவது வரிசை போகும்போது விரல் சென்சாரில் இடித்தால் "விரல் இடிச்சுது" என்று சொல். வெயிலில் கொண்டு வந்து வைத்துப் பார், விளக்கு தெரியவில்லை என்றால் "வெளிச்சத்துல தெரியல" என்று சொல். உன் கையும் கண்ணும் கண்டதை மட்டும் சொல். அதற்கு எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொள்ளாது. "இது வேலைக்கு ஆகாது" என்ற தீர்ப்புக்குத்தான் கோபம் வரும், அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அளவுக்கு உனக்கோ எனக்கோ கோழிப்பண்ணை தெரியாது. அட்டையைத் தூசிக் கையோடு ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று பண்ணையில் வேலை பார்க்கிற ஒருவரிடம் அவர்களே போய்க் கேட்கட்டும்.

சக மாணவர் மதிப்பீட்டுக்கு ஐந்து மார்க் வைத்திருக்கிறார்கள் என்றாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மார்க் கலந்துவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் ஐந்துதான் போடுவார்கள், முருகானந்தத்தின் படிவக் கதைதான் திரும்பவும். உங்கள் மேடம் காது கொடுப்பவர் என்றால் இதைக் கேட்டுப் பார். அந்த ஐந்து மார்க்கைப் பொருள் செய்த டீமுக்குக் கொடுக்காமல், உருப்படியான குறை சொன்ன பிள்ளைக்குக் கொடுக்கட்டும். யார் சொன்ன குறையால் எந்த டீம் எதை மாற்றியது என்று ஒரு பக்கம் எழுதி வாங்கினால் தெரிந்துவிடும். கேட்கத் தயக்கமாக இருந்தால் விட்டுவிடு, மார்க்குக்கு வெளியே உங்களுக்குள் நடத்திக்கொள்ளுங்கள். அதுதான் இன்னும் நன்றாக நடக்கும்.

ஊரில் புராஜெக்ட் சென்டர் என்று போர்டு மாட்டி, காசு கொடுத்தால் பெட்டியோடு ரிப்போர்ட்டும் தருகிறார்களே, அங்கே போகிற பிள்ளைகளை நான் திட்டுவதில்லை. அவர்களுக்குப் பயம். ஆனால் அங்கே வாங்குகிற பொருளுக்கு அட்டைக் காலம் என்று ஒன்று கிடையாது, முதல் நாளே பெயின்ட்டோடுதான் பிறக்கிறது. அதில் யார் என்ன குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ அப்படிச் செய்யவில்லை, நீயே வெட்டி நீயே ஒட்ட வைத்திருக்கிறாய். கிளாம்ப் பக்கத்தில் கிரைண்டர் இழுத்த தடம் கோணலாக இருக்கிறது, அது உன் கைதான் என்று படத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ரிவியூவுக்கு இதையே கொண்டு போ. கமிட்டிக்கு அது போதும், இன்றைக்கு உடைத்துக்கொண்டு உட்காராதே. ஆனால் பிபிடியில் கடைசி ஸ்லைடில் "ஃபியூச்சர் ஸ்கோப்" என்று எல்லாரும் போடுகிறதைப் போடாமல், மேலே சொன்ன நாலு குறையையும் நீயே எழுதிப் போடு. கமிட்டியில் ஒருவராவது நிமிர்ந்து உட்காருவார்.

நம் தோட்டத்துக்கு மேற்கே கிணற்றோரம் அரை ஏக்கர் கிழங்கு நிற்கிறது. மாசக் கடைசியில் பிடுங்குகிறார்கள், நான் பேசிவிட்டேன். கூலி ஆள் வைத்து நடக்கிற வேலை, மத்தியானத்துக்குள் லோடு ஏற்றி மில்லுக்கு அனுப்ப வேண்டும். அதனால் அரைமணி நேரத்துக்கு மேல் அவர்களை நிறுத்த முடியாது. காலை ஏழு மணிக்குக் காட்டில் இருக்கிற மாதிரி முந்தின நாளே வந்துவிடு. தாடை, 'வி' பட்டை, செயின் மூன்றையும் போல்ட் போட்டு மாற்றுகிற மாதிரி செய்துகொண்டு வா, வெல்டு வேண்டாம். 12-13 ஸ்பேனர் ரெண்டு எடுத்துக்கொள், என்னுடையதை உன் அண்ணன் எங்கோ போட்டுவிட்டான். அந்தக் கடைசி பெஞ்சுப் பிள்ளையையும் கூட்டி வா, பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், ராத்திரி இங்கேயே தங்கிக்கொள்ளலாம். அந்த நெட்டைப் பையன் வருவதானால் வரட்டும், நோட்டு எழுதுகிற வேலையை அவனுக்குக் கொடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா